தூக்கக் கண்காணிப்புக் கட்டணம்

"குழந்தை தூங்கறதுக்குக் காசாம்!"

பரிசீலனை போட்ட சத்தத்தில், தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்துவிட்டது.

பரிசீலனை என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. ஊர் வைத்தது. குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் பதினோரு வருஷமாகப் பதில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யாராவது எழுதினால், "தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்று பதில் போடுவார். குழாயில் காற்று வருகிறது என்று எழுதினாலும் அதே பதில். குழாயையே காணவில்லை என்று எழுதினாலும் அதே பதில். பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவர்தான் பாடம் எடுப்பார். "நல்ல பதில்னா மூணு விஷயம் இருக்கவே கூடாது. யாரு செய்வாங்க, யாருக்குச் செய்வாங்க, எப்போ செய்வாங்க. இதுல ஒண்ணு உள்ள வந்தாலும் நாம மாட்டினோம்."

வீட்டில் இதையே அவர் ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார். "பாத்துக்கலாம்." மின்விசிறி கிறீச்சிடுகிறதா? பாத்துக்கலாம். கதவுத் தாழ்ப்பாள் விழவில்லையா? பாத்துக்கலாம்.

ஆனால் இந்தக் கடிதத்தை அவரால் அப்படித் தள்ளிப்போட முடியவில்லை. காலையில் அவருடைய டீ டம்ளருக்கு அடியிலேயே இருந்தது. குழந்தைகள் காப்பகத்திலிருந்து வந்திருந்தது. அடுத்த மாதம் முதல் கட்டணம் மூன்றில் ஒரு பங்கு ஏறுகிறதாம்.

ஏற்கெனவே அந்தக் கட்டணம் வீட்டு வாடகையைவிட அதிகம். வீட்டில் மூன்று பேர் இருக்கலாம், இரவும் பகலும் இருக்கலாம், ஆணிகூட அடிக்கலாம். காப்பகத்தில் இரண்டரை வயசுக் குட்டி ஒருத்தி, பகலில் மட்டும், அதிலும் இரண்டு மணி நேரம் தூக்கம். இந்தக் கொள்ளையைக் கேட்பாரே இல்லையா என்று அவருக்கு வயிறு எரிந்தது. நியாயமான எரிச்சல்தான். இரண்டு பேர் வேலைக்குப் போனால்தான் ஒரு வீடு ஓடும் என்று ஆக்கிவிட்டு, இரண்டு பேரும் வேலைக்குப் போனால் குழந்தையை எங்கே விடுவது என்பதற்கு மட்டும் ஒரு வருமானத்தையே விழுங்குகிற விலை வைத்திருக்கிறார்களே, இதைப் படித்து எரியாத வயிறு இரும்பால் செய்ததாக இருக்க வேண்டும்.

"இங்க பாரு. 'தூக்கக் கண்காணிப்புக் கட்டணம்'. 'புலனறிவு மேம்பாட்டுக் கட்டணம்'. அப்படீன்னா என்ன?"

"தண்ணில கைய விட்டு அளையறது," என்றாள் மனைவி, குட்டியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே.

"நம்ம பாத்ரூம்ல இலவசமா அளையறாளே! நான் காலேஜ்ல மூணு வருஷத்துக்குக் கட்டின ஃபீஸை இவ மூணு மாசத்துல தின்னுட்டா. எனக்காவது கடைசில ஒரு பட்டம் குடுத்தாங்க."

"இவளுக்கும் குடுத்திருக்காங்க. 'இந்த வாரம் யாரையும் கடிக்காத குழந்தை'."

"தூங்கறதுக்குக் காசு வாங்கறது எந்த ஊர் நியாயம்?"

"உங்களுக்கு ஆபீஸ்ல தூங்கறதுக்குக் காசு குடுக்கறாங்களே, அதே ஊர் நியாயம்தான்."

மனைவியிடம் வாய் கொடுத்து அவர் ஜெயித்ததில்லை. அவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். சாட்சி இருமினால்கூட 'சாட்சி இருமினார்' என்று எழுதுகிறவள். வரும் திங்கள்கிழமை தொடங்கி மூன்று வாரம் பெரிய நீதிமன்ற அறையில் ஒரு பெரிய வழக்கு. அதைப் பிழையில்லாமல் எழுதி முடித்தால் தலைமைச் சுருக்கெழுத்தர் பதவி. எட்டு வருஷமாக அவள் காத்திருக்கிற நாற்காலி அது. சிக்கல் என்னவென்றால், விசாரணை மாலை ஏழு மணிக்கு மேலும் இழுக்கும், காப்பகம் ஐந்தரைக்கு மூடிவிடும். தாமதமாக வந்தால் நிமிஷத்துக்கு இவ்வளவு என்று அபராதம். போன மாதமே அவரிடம் மூன்று தடவை கேட்டாள், அந்த மூன்று வாரமும் குட்டியை யார் பார்த்துக்கொள்வது என்று. மூன்று தடவையும் அவர் பாத்துக்கலாம் என்றார். திங்களுக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

பரிசீலனையின் மனசுக்குள் வேறொரு திட்டம் இருந்தது. வாய்விட்டுச் சொல்ல அவருக்குத் தைரியம் கிடையாது. கணக்கைப் போட்டுக் காட்டினால் அவளே புரிந்துகொண்டு, "நான் வேலையை விட்டுடறேங்க" என்று சொல்லிவிட மாட்டாளா என்று ஒரு நப்பாசை. கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, பென்சிலை எடுத்தார்.

"இதோ பாரு. இது உன் சம்பளம். இது காப்பகம். கழிச்சா என்ன மிஞ்சுது?"

"எதுக்கு என் சம்பளத்துல கழிக்கறீங்க?"

"பின்ன எதுல கழிக்கறது?"

"உங்களுதுல கழிச்சுப் பாருங்களேன்."

"என்னுதுல எப்படிக் கழிக்க முடியும்? அது குடும்பச் சம்பளம்."

"அப்போ என்னுது?"

"அது வந்து... கூடுதல் சம்பளம்."

"கூடுதல்னா கூட்டத்தானே வேணும்? நீங்க எதுக்குக் கழிக்கறீங்க?"

பென்சிலை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி, அவருடைய சம்பளத்தை எழுதி, அதிலிருந்து காப்பகத்தைக் கழித்தாள். "மிச்சம் உங்க பெட்ரோலுக்கும் தலைச் சாயத்துக்கும் சரியாப் போயிடும். காப்பகத்துக்குக் கட்டறதுக்குத்தான் நீங்க வேலைக்கே போறீங்க. பேசாம வீட்ல இருந்துடுங்க."

பரிசீலனை கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இப்போ பிரச்சினை சம்பளம் இல்ல. கட்டணம். நேர்ல போறேன். ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வரேன். நாளைலேர்ந்து ஒரு பைசா கூட ஏத்த மாட்டாங்க, பாரு!"

"போய்ட்டு வாங்க."

வழக்கமாக அவர் சண்டைக்குக் கிளம்பினால் அவள் கையைப் பிடித்து நிறுத்துவாள். இன்றைக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அவருக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது காப்பகம். வாசலில் விரல் நீளத்துக்குச் செருப்புகள் வரிசையாக இருந்தன. நடத்துகிற அம்மாளுக்கு முப்பது வருஷமாக நாலு வயசுக்குக் கீழ்ப்பட்டவர்களோடுதான் பழக்கம். அதனால் நாற்பது வயசுக்காரர்களிடமும் அவருக்கு அந்தப் பேச்சுதான் வரும்.

"வாங்க, வாங்க. செருப்பைக் கழட்டியாச்சா? சமத்து. கோபத்தையும் அங்கயே வெச்சுட்டு வாங்க. உக்காருங்க பாக்கலாம்."

அங்கே இருந்த நாற்காலிகள் எல்லாம் முழங்கால் உயரம். பரிசீலனை உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான், நாற்காலிக்குக் கைப்பிடி இருந்ததும், அந்தக் கைப்பிடிகளுக்கு நடுவே தான் ஆப்பு அடித்த மாதிரி இறங்கிவிட்டதும் தெரிந்தது. மூக்கு ஒழுகிய ஒரு குழந்தை அருகில் வந்து அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவர் மடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டுப் போனது.

"இதெல்லாம் அநியாயம்!" என்று மரக்கட்டையோடு ஆரம்பித்தார். "தூங்கறதுக்குக் கட்டணமா? நான் தூங்கினா யாருக்காவது கட்டறேனா?"

"நீங்க தூங்கும்போது மூச்சு வருதான்னு பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் யாராவது பாக்கறாங்களா?"

"ஏத்தத்துக்கு ஒரு கணக்கு வேண்டாமா?"

"அதோ அந்தப் பொண்ணைப் பாருங்க," என்றார் அம்மாள். மூலையில் ஒரு பெண் ஒரு குழந்தையைத் துடைத்துக்கொண்டே இன்னொன்றுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். "அஞ்சு குழந்தைக்கு ஒரு ஆள் வேணும், அது விதி. ஒரு நாளைக்கு முப்பது டயபர் மாத்தறா. அவ வாங்கற சம்பளத்துல அவ குழந்தையை இங்க விட முடியாது. அக்கா வீட்ல விட்டுட்டு நம்ம குழந்தைகளைப் பாக்க வரா."

"அப்போ நாங்க கொட்டிக் குடுக்கற பணமெல்லாம் எங்க போகுது?"

"மாடி ஓனரைக் கேளுங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை வாடகை ஏத்தறார். அவர் குழந்தைங்க எல்லாம் பெருசாயிடுச்சு, கண்ணா."

கொடுக்கிற தானும் கஷ்டப்படுகிறார், வாங்குகிற அம்மாளும் பணக்காரியாகவில்லை, உழைக்கிற பெண்ணுக்கும் மிஞ்சவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. ஆனால் கோபம் மட்டும் பத்திரமாக இருந்தது. அதை எங்கேயாவது இறக்கியாக வேண்டுமே! 'கண்ணா' என்றது வேறு அவரைச் சுட்டது. நாற்காலியோடு எழுந்து நின்றார்.

"பேசிப் பிரயோஜனமில்ல. இனிமே நான் பாத்துக்கறேன்!"

அதாவது, உன்னை ஒரு கை பார்க்கிறேன் என்று அர்த்தம். பெற்றோரைக் கூட்டுவேன், மனுப் போடுவேன், பத்திரிகைக்கு எழுதுவேன் என்பதெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் கர்ஜித்துக்கொண்டிருந்தன.

அம்மாள் தலையைச் சாய்த்துக் கேட்டார். "நீங்களா?"

"நானேதான்!"

"எப்போலேர்ந்து?"

"இந்த வாரம் போகட்டும். திங்கக்கிழமைலேர்ந்து பாருங்க!"

"எழுதிக் குடுப்பீங்களா?"

பரிசீலனையைப் பார்த்து எழுதிக் கொடுப்பீர்களா என்று கேட்டால்! அம்மாள் ஒரு தாளை நீட்டினார். அவர் அலுவலகத் தோரணையில் எழுதினார். "மேற்படி தொடர்பாக, வரும் திங்கள் முதல் நானே பார்த்துக்கொள்கிறேன் என இதன்மூலம் தெரிவிக்கலாகிறது." கீழே கையெழுத்து, தேதி.

பதினோரு வருஷத்தில் எழுதியே இராத இரண்டு விஷயங்களைக் கோபத்தில் எழுதிவிட்டார். யார் என்பதும் எப்போது என்பதும் உள்ளே வந்துவிட்டன. விட்டது யாரை என்பது ஒன்றுதான். மேற்படி என்றால் மேலே இருப்பது. தாளின் மேலே என்ன அச்சிட்டிருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. குட்டியின் பெயர் இருந்தது.

"ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க," என்று சொல்லி அம்மாள் அவர் சட்டையில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டினார். பிறகு இரண்டு பேர் சேர்ந்து நாற்காலியைக் கழற்றினார்கள்.

சாயங்காலம் நட்சத்திரத்தோடு வீட்டில் உலாவிக்கொண்டிருந்தார் பரிசீலனை. "வெலவெலத்துப் போயிட்டாங்க," என்று மனைவியிடம் அவர் தொடங்கும்போதே வாசலில் எதிர்வீட்டு டிரைவர் வந்து நின்றார். பஸ் ஓட்டுகிறவர். அவர் மனைவி சலவைக் கடையில் வேலை. அவர்கள் மகளுக்குக் காப்பகத்தில் இடம் கேட்டு எட்டு மாசமாகக் காத்திருக்கிறார்கள்.

"கையைக் குடுங்க சார்!"

"எதுக்கு?"

"எங்க பாப்பாவுக்கு இடம் கெடச்சிடுச்சு சார்! திங்கக்கிழமைலேர்ந்து. இப்போதான் போன் வந்துது."

"ரொம்ப சந்தோஷம். யாரோட இடம்?"

"உங்க குட்டியோட இடம் சார். நீங்களே வீட்ல பாத்துக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டீங்களாமே! இந்தக் காலத்துல எந்த அப்பா சார் இப்படி எழுதிக் குடுப்பாரு?"

பரிசீலனை சட்டையில் இருந்த நட்சத்திரத்தைக் கையால் மறைத்துக்கொண்டார். மனைவி கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள்.

"என்ன எழுதினீங்க? வார்த்தை மாறாம சொல்லுங்க."

சொன்னார். அவள் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டாள்.

"யாரைப் பாத்துக்கறேன்னு?"

"அவங்களை! அந்த அம்மாவை!"

"அது இதுல இல்லையே."

"தொனில இருக்கு!"

"தொனிக்குச் சுருக்கெழுத்துல குறி கிடையாதுங்க."

"எந்த மடையனாவது காப்பகத்துக்குப் போய்ச் சண்டை போட்டுட்டு, குழந்தையை நானே பாத்துக்கறேன்னு எழுதிக் குடுப்பானா?"

மனைவி குறிப்பேட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். டிரைவரும் நாகரிகம் தெரிந்தவர், தரையைப் பார்த்தார்.

"சரி விடுங்க," என்றாள் அவள் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "வேற வழி இல்ல. நான் வேலையை விட்டுடறேன். எட்டு வருஷம்தானே."

அவர் கேட்கத் துடித்த வார்த்தை அதுதான். கணக்குப் போட்டும் வராதது தானாக வந்து விழுந்திருக்கிறது. ஆனால் அவள் குறிப்பேட்டை மூடிப் பென்சிலை அதன் நடுவே செருகியதைப் பார்த்ததும் அவருக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. வெட்கமாக இருந்தது. இப்படியா அதைக் கேட்க வேண்டும் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. போதாக்குறைக்கு டிரைவர் வேறு, "சார் இருக்கும்போது நீங்க எதுக்கு மேடம் வேலையை விடணும்?" என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"யாரும் எதையும் விட வேண்டாம்," என்றார் பரிசீலனை. "நான் லீவு போடறேன்."

மறுநாள் மேலதிகாரி முன்னால் தயங்கித் தயங்கி நின்றார். மூன்று வாரம் புகார்ப் பிரிவு தான் இல்லாமல் தள்ளாடுமே என்று அவருக்கே கவலை.

"மூணு வாரமா? தாராளமா எடுத்துக்கோங்க. வேணும்னா ஆறு வாரம் எடுத்துக்கோங்க," என்றார் அதிகாரி.

"என் வேலையை யாரு சார் பாப்பாங்க?"

அதிகாரி மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு ரப்பர் ஸ்டாம்பைக் காட்டினார். புதிதாகச் செய்தது. தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது.

திங்கள்கிழமை வந்தது. மனைவி எட்டு மணிக்குக் கிளம்பினாள். பரிசீலனை நேர அட்டவணை ஒன்று தயாரித்துச் சுவரில் ஒட்டியிருந்தார். ஒன்பது மணி, உணவு. பத்து மணி, அறிவு வளர்ச்சி. பன்னிரண்டரை, தூக்கம். குட்டி ஒன்பது மணிக்கே அட்டவணையைக் கிழித்துப் பாதியைத் தின்றுவிட்டாள். எனவே உணவு மட்டும் அட்டவணைப்படி நடந்தது.

பன்னிரண்டரைக்குப் படுக்கவைத்துத் தாலாட்டுப் பாடினார். நன்றாகத்தான் பாடியிருக்க வேண்டும். அவர் தூங்கிவிட்டார். எழுந்து பார்த்தால் ஒரு செருப்பு தண்ணீர் வாளிக்குள், போன் மாவு டப்பாவுக்குள், அவருடைய மூக்குக் கண்ணாடி குட்டியின் முதுகுக்குப் பின்னால். தூக்கக் கண்காணிப்பு என்பதில் யார் தூக்கத்தை யார் கண்காணிப்பது என்பது கடிதத்தில் தெளிவாக இல்லை என்று அவருக்கு அப்போதுதான் பட்டது.

குளியலறைக்குள் ஒளிந்தால் அங்கேயும் நிம்மதி இல்லை. தாழ்ப்பாள் வேறு விழாது. கதவை முதுகால் சாத்திக்கொண்டு நின்றார்.

"அப்பா, என்ன பண்றே?"

"பரிசீலனை பண்றேன்."

"நானும் பண்றேன்!"

"வேண்டாம்மா. ஒரு நிமிஷம்."

"ஏன் வேண்டாம்?"

"நாத்தம்."

"ஏன் நாத்தம்?"

பதினோரு வருஷத்தில் எந்தப் பொதுமக்களும் அவரை இப்படி விடாமல் கேட்டதில்லை. எல்லாரும் ஒரு கடிதத்தோடு அடங்கிவிடுகிறவர்கள். இவளுக்கு யார், யாருக்கு, எப்போது என்ற மூன்றும் வேண்டும். அது போதாமல் ஏன் என்பதும் வேண்டும்.

இரவு எட்டு மணிக்கு மனைவி வந்தபோது, அவர் நடுக்கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவள் கைவிரல்கள் வீங்கியிருந்தன. முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம்.

"பதினோரு தடவை ஜட்டி மாத்தினேன்!" என்று அவர் வெடித்தார். "பதினோரு தடவை! யாராவது ஒருத்தர், 'நல்லா மாத்தினீங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னாங்களா?"

"நல்லா மாத்தினீங்க."

"நீ சொல்லி என்ன ஆகப்போகுது! இதெல்லாம் வேலை இல்லையா? இதுக்கு ஊதியம் கெடயாதா? அந்தப் பொண்ணு முப்பது தடவை மாத்தறாளே, அவளுக்கு என்ன குடுக்கறாங்க? அவ குழந்தைக்கே அங்க இடமில்லையாம். இது அநியாயம்! அக்கிரமம்! இந்த வேலைக்கு எவ்வளவு குடுத்தாலும் தகும்!"

"இதை எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோ! கொட்டை எழுத்துல எழுதிக்கோ! எல்லா அப்பன்மாரும் வாரத்துல ஒரு நாளாவது அங்க போய் வேலை செஞ்சாத்தான் புத்தி வரும்!"

அவள் எழுதிக்கொண்டாள்.

இரண்டாவது வாரத்தில் ஒரு மத்தியானம், குட்டி அவருடைய ஒரு கையில் தலையை வைத்து, மறு கையைக் கட்டிப் பிடித்தபடி தூங்கிப்போனாள். கை மரத்துவிட்டது. எடுத்தால் எழுந்துவிடுவாள் என்று அவர் அசையவில்லை. மூச்சு வருகிறதா என்று பார்த்தார். வந்தது. சிறிது நேரம் கழித்து மறுபடி பார்த்தார். இரண்டு மணி நேரம் அவர் வேறொன்றுமே செய்யவில்லை. ஆபீஸில் பதினோரு வருஷத்தில் செய்த எந்த வேலையையும்விட இதை ஒழுங்காகச் செய்ததாக அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் கண் கலங்கிவிட்டது. துடைக்கக் கை இல்லை.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை மனைவிக்கு உத்தரவு வந்துவிட்டது. தலைமைச் சுருக்கெழுத்தர். உத்தரவை அவரே உரக்க வாசித்தார், எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி. அன்று படுக்கும்போதுதான் உறைத்தது. திங்கள்கிழமை அவர் வேலைக்குத் திரும்ப வேண்டும். குட்டியின் இடம் போய்விட்டது. காத்திருப்போர் வரிசையில் சேர்ந்தால் எட்டு மாசம். அதுவரைக்கும் இவள் இப்போது ஏறி உட்கார்ந்த நாற்காலியை விட்டு இறங்க வேண்டுமா? தன் வாயால் போன இடத்தைத் தானே மீட்டாக வேண்டும். மனைவிக்குத் தெரியாமல் போய் அந்த அம்மாளின் காலில் விழுந்தாவது வாங்கிவிடுவது என்று தீர்மானித்தார்.

வெள்ளிக்கிழமை காலை குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறினார். செருப்பைக் கழற்றினார். யாரும் சொல்லாமலே சின்ன நாற்காலியில் போய் இறங்கினார்.

"அம்மா, அன்னிக்குப் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க. கட்டணம் ஏத்தினது சரி. தூக்கக் கண்காணிப்புக்கு ரெண்டு மடங்கு கேட்டாலும் தரேன். என் சம்பளத்துலேர்ந்தே தரேன். எப்படியாவது இவளுக்கு ஒரு இடம் குடுங்க."

"இடம் எங்க போச்சு? இருக்கே."

"எதிர்வீட்டுப் பாப்பாவுக்குக் குடுத்துட்டீங்களே!"

"மூணு வாரத்துக்குத்தான் குடுத்தேன். அதுக்குள்ள ஒரு பையன் பள்ளிக்கூடம் போயிட்டான், பாப்பாவுக்கு அந்த இடம் நிரந்தரமாயிடுச்சு." அம்மாள் பதிவேட்டைத் திறந்து காட்டினார். குட்டியின் பெயருக்கு நேரே 'மூன்று வாரம் விடுப்பு' என்று இருந்தது. எழுத்து மனைவியுடையது. தேதி, அவர் வந்து கத்திய நாளுக்கு இரண்டு நாள் முந்தியது.

பரிசீலனை அந்தத் தேதியை மூன்று முறை படித்தார்.

"உங்க வீட்டம்மா முன்னாடியே வந்துட்டாங்களே," என்றார் அம்மாள். "மூணு வாரம் பெரிய வழக்காம், வீட்டுக்காரர் லீவு போட்டாத்தான் ஆகுமாம், கேட்டா நழுவறாராம். கட்டண லெட்டரைக் கையோட வாங்கிட்டுப் போனாங்க. 'இதைப் பாத்துட்டு வருவார், கத்துவார், கடைசில எதையாவது எழுதித் தரேம்பார். அப்போ இந்தத் தாளை நீட்டுங்க'ன்னாங்க. நான்கூட நம்பல."

"என்னை ஏமாத்தியிருக்கா!"

"சத்தம் போடக் கூடாது. தூங்கறாங்க."

அவர் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு கொதித்தார். மூன்று வாரச் சம்பளமில்லா விடுப்பு, எண்ணிக்கை விட்டுப்போன ஜட்டிகள், தண்ணீரில் ஊறிய செருப்பு என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துக் கொதித்தார். கொதித்துக்கொண்டிருக்கும்போதே அம்மாள் அடுத்த மாதச் சீட்டை அவர் கையில் கொடுத்தார். பார்த்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்காலி அனுமதித்த அளவுக்கு.

"என்னம்மா இது? ஏறவே இல்லையே! புதுக் கட்டணத்துல பாதிதானே போட்டிருக்கு?"

"ஆமா."

"பாத்தீங்களா! அன்னிக்கு நான் போட்ட சத்தம்! ஒரு ஆள் தட்டிக் கேட்டாத்தான் இந்த ஊர்ல எதுவும் நடக்கும்!" மூன்று வாரத்துக்குப் பிறகு அவருக்கு மீசை துடித்தது. இதை மனைவியிடம் போய் எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்திச் சொல்வது என்றெல்லாம் மனசு ஓடத் தொடங்கிவிட்டது.

"பணியாளர் சலுகைங்க அது," என்றார் அம்மாள். "நான் புதுசா வெச்ச விதி. இங்க வேலை செய்யறவங்க குழந்தைக்குப் பாதிதான் வாங்கறது. அந்தப் பொண்ணுகூடத் தன் குழந்தையைத் திங்கக்கிழமை கூட்டிட்டு வரா. நீங்க பேசினதை உங்க வீட்டம்மா குறிப்பேட்டுலேர்ந்து படிச்சுக் காட்டித்தான் எனக்கே தோணிச்சு."

"நல்ல விதிதான். ஆனா எங்க வீட்ல யாரு இங்க வேலை செய்யறா?"

அம்மாள் எழுந்தார். உள்ளே போய், மஞ்சள் வாத்து போட்ட நீல மேலங்கி ஒன்றை எடுத்து வந்து, உதறி, அவர் முன்னால் பிடித்தார்.

"சனிக்கிழமைதோறும் காலைல எட்டு மணி. போட்டுப் பாருங்க, அளவு உங்க வீட்டம்மா சொன்னதுதான்."

பரிசீலனை போட்டுப் பார்த்தார். ஒரு அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.